தாம்சன் யார் மகன்?

ஆங் மோ கியோவின் மேற்கு ஓரத்தில் நீண்டு செல்லும் சாலையின் பெயர் அப்பர் தாம்சன் சாலை. அதே பெயரில் பெருவிரைவு ரயில் நிலையமும் இருக்கிறது, ஒரு ரயில் பாதையும் இருக்கிறது. இந்த வட்டாரத்திலேயே வளர்ந்த நான் அந்தப் பெயரை ஒரு நாளைக்கு நான்கு முறையாவது கேட்கிறேன். ஆனால், தாம்சன் என்ற சொல்லுக்கு ஒரு பொருள் இருக்கிறது என்பதைச் சென்ற ஆண்டுதான் கவனித்தேன். 'தாம்' என்பது தாமஸ் என்பதன் சுருக்கம். 'சன்' என்றால் மகன். தாமஸின் மகன். நம் ஊர் அடையாள அட்டை பாணியில் எழுதினால், 'எஸ்/ஓ தாமஸ்'!

எஸ்/ஓ, டி/ஓ. சிங்கப்பூர்த் தமிழர் பலரின் பெயருக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் எழுத்துகள் இவை. பள்ளியில் வருகைப் பதிவு எடுத்த ஆசிரியர்கள் சிலர் என் பெயரை 'டி ஓ' என்பதையும் சேர்த்தே வாசித்திருக்கிறார்கள். பக்கத்து மேசைத் தோழிக்கு 'டான்' என்ற குடும்பப் பெயர் முன்னால் வந்தது. மலாய்த் தோழிக்கு 'பிந்தி' வந்தது. எனக்கு 'டி/ஓ', அதன் பின் அப்பாவின் பெயர். குடும்பப் பெயர் இல்லாத இனம் நாம் மட்டும்தானோ என்று அப்போது தோன்றும்.

அடுத்த மாதம் என் அக்காவுக்குக் குழந்தை பிறக்கவிருக்கிறது. சிங்கப்பூரில் ஒரு குழந்தையின் பிறப்பை 42 நாள்களுக்குள் பதிவு செய்யவேண்டும். அதற்குள் பெயர் முடிவாகவேண்டும். பெயரைவிட, பெயருக்குப் பின்னால் என்ன வரவேண்டும் என்பதில்தான் எங்கள் வீட்டில் விவாதம். 'எஸ்/ஓ' போடலாமா, வேண்டாமா? அத்தானின் பெயரை அப்படியே குடும்பப் பெயராக்கிவிடலாமா? அக்காவின் பெயருக்கு எங்கே இடம்? இந்தக் கேள்விகள்தான் என்னைப் பெயர்களின் வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றன.

சாலைகளில் நிற்கும் மகன்கள்

ஜான் டர்ன்புல் தாம்சன் இங்கிலாந்தின் வடக்கே நார்தம்பர்லாந்தில் 1821ல் பிறந்தவர். 1841 முதல் 1853 வரை சிங்கப்பூரின் அரசாங்க நில அளவையாளராக இருந்தார். பெட்ரா பிராங்காவில் 1851ல் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் அவர் கட்டியது. ஆங் மோ கியோ என்ற பெயருக்கே அவர்தான் காரணம் என்று ஒரு கதை உண்டு. ஹொக்கியன் மொழியில் 'ஆங் மோ' என்றால் செம்முடி, அதாவது வெள்ளைக்காரர். 'கியோ' என்றால் பாலம். வெள்ளைக்காரர் கட்டிய பாலம் என்பதிலிருந்து ஊர்ப்பெயர் வந்ததாம். அந்தச் சொல் தக்காளியைக் குறிக்கும் என்போரும் இருக்கிறார்கள்.

தாம்சனோடு நிற்காமல் சிங்கப்பூரின் வரைபடத்தைப் பாருங்கள். தேக்கா அருகே டிக்சன் சாலை: டிக் என்பவரின் மகன். நகர மையத்தில் ராபின்சன் சாலை: ராபினின் மகன். ஆண்டர்சன் பாலம்: ஆண்ட்ரூவின் மகன். தீவு முழுவதும் யாரோ ஒருவரின் மகன்கள் நிற்கிறார்கள்.

இங்கிலாந்தில் நார்மானியர் படையெடுத்த 1066ஆம் ஆண்டுவாக்கில், பெரும்பாலோருக்கு ஒரே ஒரு பெயர்தான். வரி வசூலிக்கவும் நில உரிமை எழுதவும் அது போதவில்லை. ஒரே ஊரில் பத்து ஜான்கள் இருந்தால் எந்த ஜானிடம் வரி கேட்பது? எனவே கொல்லர் வேலை செய்த ஜான் 'ஸ்மித்' ஆனார். தைப்பவர் 'டெய்லர்' ஆனார். இன்ன ஊரிலிருந்து வந்தவர் அந்த ஊரின் பெயரைப் பெற்றார். இன்னாரின் மகன் 'சன்' ஆனார். தொடக்கத்தில் இவை அந்தந்த ஆளைச் சுட்டிய அடையாளங்களே. தாமின் மகன் தாம்சன் என்றால், அவருடைய மகன் வேறு பெயர் பெற்றிருப்பார். சுமார் 1400க்குள் பெரும்பாலான குடும்பங்களில் இந்த அடையாளம் உறைந்து, தலைமுறைதோறும் மாறாத பெயராகிவிட்டது. நம் தாம்சனுக்கு முன்னோரில் எவரோ ஒருவர்தான் உண்மையில் தாமஸின் மகன்.

வேல்ஸ் நாட்டின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. வெல்ஷ் மொழியில் 'ஆப்' என்றால் மகன். நம் எஸ்/ஓ போலவே, ரீஸின் மகன் ஹவெல் என்றால் 'ஹவெல் ஆப் ரீஸ்'. 1536ல் தொடங்கி வேல்ஸ் இங்கிலாந்தின் சட்டத்துக்குள் முழுமையாகக் கொண்டுவரப்பட்டது. அதன்பின் மெல்ல மெல்ல அங்கேயும் நிலையான குடும்பப் பெயர்கள் வந்தன. அப்போது 'ஆப் ரீஸ்' என்பது 'பிரைஸ்' ஆயிற்று. 'ஆப் ஹவெல்' என்பது 'பாவல்' ஆயிற்று. 'ஆப் ஹியூ' என்பது 'பியூ' ஆயிற்று. அந்தப் பெயர்களின் தொடக்கத்தில் ஒட்டியிருக்கும் 'ப'கரம் அழிந்துபோன ஓர் 'எஸ்/ஓ'வின் எச்சம்.

மகளுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். இடைக்கால ஆங்கில வரிப் பதிவேடுகளில் 'டாட்டர்' என்று முடியும் பெயர்களும் இருக்கின்றன. ஆனால் அவை நிலைக்கவில்லை. மேடிசன் போன்ற மிகச் சில பெயர்களில் மட்டும் மாட் என்ற ஒரு தாயின் பெயர் ஒளிந்திருக்கிறது.

பொன் வணிகரின் மகன்

'எஸ்/ஓ' வெள்ளைக்காரன் நம் மீது திணித்தது என்று பலர் சொல்வார்கள். எழுத்து அவர்களுடையது, வழக்கம் நம்முடையது. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டை எழுதியவர் பெயரைப் பள்ளியில் படித்திருப்போம்: காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். நெடுநல்வாடையின் ஆசிரியர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். முதலில் ஊர், அடுத்து தந்தையின் தொழில், பிறகு 'மகனார்', கடைசியில் அவருடைய சொந்தப் பெயர். ஆங்கிலக் குடும்பப் பெயர்களின் மூன்று வகைகளும் நப்பூதனாரின் ஒரே பெயருக்குள் இருக்கின்றன!

நம் பாட்டனார் காலத்துத் தலைப்பெழுத்துகளும் இதே வரிசைதான். முதல் எழுத்து ஊர், இரண்டாம் எழுத்து தந்தை, பிறகு சொந்தப் பெயர், வாலில் சாதிப் பட்டம். 1819ல் பினாங்கிலிருந்து ராஃபிள்சுடன் வந்த நாராயண பிள்ளையும், சிராங்கூன் சாலையில் கடைகள் வைத்துப் பெரும் வணிகரான பி. கோவிந்தசாமிப் பிள்ளையும் பட்டத்தோடுதான் நம் வரலாற்றில் நிற்கிறார்கள்.

அந்த வால் தானாக உதிர்ந்துவிடவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடவேண்டும் என்று தீர்மானித்தது. அதே ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பயணம் புறப்பட்டார். 1932ல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதன் முன்னணியில் நின்ற கோ. சாரங்கபாணி 1935ல் தமிழ் முரசைத் தொடங்கினார். இன்று என் வகுப்புத் தமிழ் நண்பர்களின் பெயரைக் கேட்டால் அவர்கள் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. குடும்பப் பெயர் இல்லாதது ஒரு குறை என்று நினைத்த எனக்கு, அந்த வெற்றிடத்துக்குப் பின்னால் ஒரு போராட்டம் இருந்தது தெரியவந்தபோது பார்வை மாறியது.

கப்பல் பட்டியலில் உறைந்த பெயர்கள்

வேறு கடல்களைக் கடந்த தமிழர்களின் பெயர்களுக்கு வேறு கதி நேர்ந்தது.

1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. 1911 வரை 152,184 ஒப்பந்தத் தொழிலாளர்கள் அப்படி நேட்டாலுக்குச் சென்றனர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பட்டியலில் பெயர், தந்தையின் பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் எழுதப்பட்டன. பிற்காலத்தில் குடும்பப் பெயர் தேவைப்பட்டபோது பலருக்கு அந்தப் பட்டப்பெயரே குடும்பப் பெயராக அமைந்தது. முதலியார் 'மூட்லி' ஆனது, பிள்ளை 'பிள்ளே' ஆனது, படையாட்சி 'படையாச்சி' ஆனது. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை இருந்த நவநீதம் பிள்ளை டர்பன் தமிழர். தாய்மண்ணில் இயக்கம் நடத்திக் களைந்த பட்டம், அங்கே தபால் முகவரிபோல் ஒட்டிக்கொண்டது.

பிரெஞ்சுத் தீவுகளில் தந்தை அல்லது பாட்டனின் சொந்தப் பெயரே அப்படியே உறைந்தது. குவாதலூப் தீவில் இந்தியர்களை இறக்கிய முதல் கப்பல் 'ஓரேலி', 1854 கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் அங்கே சேர்ந்தது. அந்தத் தீவில் 1863ல் பிறந்த ஹென்ரி சிதாம்பரோம், இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் கேட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போராடினார். 'சிதாம்பரோம்' என்பதைச் சற்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். சிதம்பரம்! அதே தீவின் அரசியல்வாதியும் எழுத்தாளருமான எர்னெஸ்ட் முத்துசாமியின் குடும்பப் பெயரை விளக்கவே தேவையில்லை.

கயானாவில் 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து. மேற்கிந்தியத் தீவுகள் அணிக்காகப் பந்து வீசிய கயானா வீரர் வீராசாமி பெர்மால்; அந்தப் பெர்மால் நம் பெருமாள்தான். நம் லிட்டில் இந்தியாவில் வீராசாமி சாலை இருக்கிறது. அந்தப் பலகையின் கீழ் நின்றால் பூமியின் மறுபக்கத்துக் கிரிக்கெட் வீரரின் பெயரை வாசிக்கலாம். அங்கே பலரிடம் மொழி போய்விட்டது. ஆனால் பெயர் இன்னும் தமிழில் இருக்கிறது.

இதில் எனக்கு ஓர் எச்சரிக்கையும் ஓர் ஆறுதலும் தெரிகின்றன. உறைந்த பெயர் நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் வழி சொல்கிறது. நம்முடைய உறையாத பெயர் அப்படிச் சொல்லாது. அப்பாவின் பெயர் என்னோடு வருகிறது. தாத்தாவின் பெயர் அப்பாவோடு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பெயரைச் சேர்த்து, ஒரு பெயரை உதிர்க்கிறது.

'லாஸ்ட் நேம்' கட்டத்தில் எதை எழுதுவது?

மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்கோ வெளிநாட்டு வேலைப் பயிற்சிக்கோ விண்ணப்பித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். இணையப் படிவம் 'லாஸ்ட் நேம்' கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்காது. அப்பாவின் பெயரை அங்கே போட்டால், அன்றிலிருந்து அந்தப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலும் 'அன்புள்ள' என்று தொடங்கி அப்பாவை அழைக்கும். அமெரிக்க விசாவில் ஒரே கட்டத்தில் பெயர் உள்ளவர்களுக்கு 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பெயர் தெரியாதவர் என்று முத்திரை குத்தப்பட்டுத்தான் சிலர் விமானம் ஏறுகிறார்கள்.

பெரியவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. நம் அதிபரை இங்கே திரு தர்மன் என்கிறோம். வெளிநாட்டு ஊடகங்கள் சில அவரைத் திரு சண்முகரத்னம் என்று எழுதியிருக்கின்றன. சண்முகரத்னம் அவருடைய தந்தை. சிங்கப்பூரில் நோயியல் துறைக்கு அடித்தளமிட்ட பேராசிரியர். சதுரங்க மேதை விஸ்வநாதன் ஆனந்தை மேற்கத்திய ரசிகர்கள் செல்லமாக 'விஷி' என்று அழைப்பதும் அப்படித்தான். செல்லப்பெயர் கிடைத்தது மகனுக்கு, பெயர் அப்பாவுடையது. கமலா ஹாரிசின் தாய் சியாமளா கோபாலனின் பெயரிலும் கோபாலன் என்பது தந்தையின் சொந்தப் பெயரே.

சிங்கப்பூரிலேயே இன்னொரு வழியைக் கைக்கொண்ட குடும்பங்களும் உண்டு. அரசியல்வாதி ஜே. பி. ஜெயரத்னத்தின் மகன்கள் கென்னத், ஃபிலிப் இருவரும் ஜெயரத்னம்தான். இன்று புதிதாகப் பிறக்கும் பல குழந்தைகளுக்குப் பெற்றோர் 'எஸ்/ஓ', 'டி/ஓ' எழுதுவதில்லை. சொந்தப் பெயரை அடுத்துத் தந்தையின் பெயரை நேரடியாகச் சேர்த்துவிடுகிறார்கள். அடுத்த தலைமுறையும் அதையே தொடர்ந்தால், அதுதான் அந்த வீட்டின் குடும்பப் பெயர். இங்கிலாந்தில் அறுநூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இப்போது நம் அடுக்குமாடி வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது.

எல்லா நவீன நாடுகளும் அந்த வழியில்தான் போயின என்று நினைத்துவிடாதீர்கள். ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மகனுக்கு 'சன்', மகளுக்கு 'டாட்டிர்'. தொலைபேசிப் புத்தகத்தைக்கூடச் சொந்தப் பெயரின் வரிசையில்தான் அச்சிட்டார்கள். 2024 ஆகஸ்ட்டில் அதிபராகப் பொறுப்பேற்றவர் ஹல்லா டோமஸ்டாட்டிர், அதாவது 'ஹல்லா டி/ஓ தாமஸ்'. அங்கே தாயின் பெயரையும் போடலாம். காற்பந்து வீரர் ஹெய்தார் ஹெல்குசனின் பெயரில் இருக்கும் ஹெல்கா அவருடைய தாய். கணினியும் விமானப் பயணமும் நிறைந்த ஒரு நாடு தன் 'எஸ்/ஓ', 'டி/ஓ'வை வெட்கமின்றி வைத்துக்கொண்டிருக்கிறது.

பாரி மகளிர்

எங்கள் வீட்டு விவாதத்தில் ஆளுக்கொரு கட்சி. 'எஸ்/ஓ' இருந்தால்தான் அது அப்பா பெயர் என்று தெளிவாகத் தெரியும், குழப்பம் வராது என்பது அப்பாவின் வாதம். படிவங்களோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போன அத்தான், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குடும்பப் பெயர் வேண்டும் என்கிறார். 'பத்து மாதம் சுமப்பது நான், பெயரில் நான் எங்கே?' என்பது அக்காவின் கேள்வி. மூன்று வாதங்களுக்கும் வரலாற்றில் சான்று இருக்கிறது. அதனால் வரலாறு எங்களுக்காகத் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

ஆனால், அக்காவின் கேள்வி என்னை விடவில்லை. புறநானூற்றில் தந்தையை இழந்த இரு பெண்கள் பாடிய பாட்டு ஒன்று உண்டு. தமிழில் மிகச் சிறந்த கையறுநிலைப் பாடல்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். பாடியவர்களின் பெயராக அங்கே இருப்பது 'பாரி மகளிர்'. அங்கவை, சங்கவை என்ற பெயர்களைப் பிற்கால மரபு தந்தது. அந்தப் பாட்டின் கீழ் இருப்பதோ வெறும் 'டி/ஓ பாரி' மட்டும்தான்.

இந்த விவாதத்துக்காக எங்கள் குடும்பத்தின் வம்ச வரிசையை ஒரு தாளில் எழுத முயன்றேன். அப்பா வழியில் ஐந்து தலைமுறை ஆண்களின் பெயர்கள் எளிதாகக் கிடைத்தன. பழைய ஆவணங்களில் தலைப்பெழுத்தாகவும் 'எஸ்/ஓ'வாகவும் ஒருவர் இன்னொருவரைக் காட்டிக்கொடுத்தார்கள். பெண்கள் பக்கம் மூன்றாம் தலைமுறையிலேயே நின்றுபோனது. பாட்டியின் அம்மாவுக்கு என்ன பெயர் என்று என் அப்பாவுக்குத் தெரியவில்லை. சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. 87 வயதுப் பெரிய அத்தைக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஒரு நொடிகூட யோசிக்காமல் தொலைபேசியில் சொன்னார்: "அஞ்சலை. எங்க அப்பாயி பேரு அஞ்சலை."

அந்தப் பெயர் எந்த அடையாள அட்டையிலும் இல்லை, எந்தப் பதிவேட்டிலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு மூதாட்டியின் நினைவில் மட்டும் இருந்தது. இப்போது என் தாளிலும் இருக்கிறது.

அக்காவின் குழந்தைக்கு எந்த முறையில் பெயர் எழுதினாலும் அது இரண்டு அல்லது மூன்று பேரைத்தான் சுமக்கும். மற்றவர்களை நாம்தான் எழுதிவைக்கவேண்டும். இந்த வார இறுதியில் தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு தாளும் பேனாவும் எடுத்துச் செல்லுங்கள். அவர்களுடைய அப்பாவின் பெயரைக் கேளுங்கள். அம்மாவின் பெயரை அதற்கு முன்னால் கேளுங்கள்.